தேருக்கு முட்டி உண்டு, காருக்கு?

வெளியூர்ப் பயணம் என்றதும் நம் வீடுகளில் எழும் கேள்விகள் பல. எத்தனை மணிக்குப் புறப்படுவது, வழியில் எங்கே உண்பது, எவர் வீட்டில் தங்குவது என்றெல்லாம் ஆராய்வோம். வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்பாரைக் காண்பது அரிது. ஒரு குடும்பத்தின் கார் நாளொன்றில் ஓரிரு மணி நேரமே ஓடுகிறது. எஞ்சிய பொழுதெல்லாம் எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அவ்வாறிருக்க, ஓட்டத்தைப் பற்றியே எண்ணி, நிற்றலை மறந்து புறப்படுகின்றோம். சென்ற ஊரின் ஒடுங்கிய தெருவிலே, அடுத்தவர் படலையை அடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது.

நம் முன்னோர் இதில் நம்மிலும் விழிப்பானவர்கள். கோயிலுக்குத் தேர் செய்ய முற்பட்டோர், தேர்முட்டியையும் தேர்க் கொட்டகையையும் உடன் அமைத்தனர். ஆண்டில் ஒரு நாள் ஓடும் தேர் எஞ்சிய நாளெல்லாம் நிற்க வேண்டுமன்றோ? நெடுவழிகளில் மடங்கள் கட்டினர். தலைச்சுமையுடன் நடப்போர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி நாட்டினர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டும் வழக்கமும் இருந்தது. மாடுகள் நீர் அருந்தக் கேணியும், உடலை உரைஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் அமைத்தனர். வழியை அமைப்பது எவ்வளவு அறமோ, வழியில் நிற்பதற்கு இடம் அமைப்பதும் அவ்வளவு அறம் எனக் கொண்ட சமுதாயம் அது.

பருத்தித்துறைக்குச் செல்வோர் அங்குள்ள தெருமூடி மடத்தைக் காணாது திரும்பலாகாது. வீதியின் இரு மருங்கிலும் திண்ணை, கற்றூண்கள், மேலே கூரை. வீதி மடத்தின் ஊடாகவே செல்கிறது. வெயிலில் நடந்து வந்தவன் வழியைவிட்டு விலகாமலே நிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். இன்று உயரங்கூடிய வாகனம் அதன் கீழே புக இயலாது. மடத்தைப் பார்த்து, “இது வீதிக்குத் தடை” என்று சொல்பவரும் இருக்கக்கூடும். மடம் முந்தியதா, வாகனம் முந்தியதா என்று அவர் ஒருகணம் சிந்திப்பாராக. பழைய ஊரொன்றுக்குக் காரில் செல்வோர் எல்லோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.

கடலோரப் பழநகர்களுக்கு இக்கேள்வி இன்னும் பொருந்தும். துறைமுகமும் கோட்டையும் கடைத்தெருவும் நெருங்கி அமைந்த ஊர்கள் அவை. கடல் ஒரு பக்கம் எல்லை. மதில் மறு பக்கம் எல்லை. இடையில் உள்ள தெருக்கள் மனிதரின் காலுக்கும் மாட்டு வண்டிக்கும் அளந்து விடப்பட்டவை. அங்கே காருக்கென்று ஓரடி நிலம் புதிதாக வேண்டுமாயின், பழையது ஏதேனும் ஓரடி அழிந்தே ஆகவேண்டும்.

இத்தாலி நாட்டவர் இந்த நெருக்கடியை நமக்கு முன்பே கண்டவர்கள். அவர்கள் கண்ட வழியை நாம் அறிவது இரு வகையில் பயன் தரும். சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். அங்குள்ள பெல்லெகிரினோ மலையிலே புனித ரோசலியாவின் திருத்தலத்துக்குக் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவத் தமிழரும் மலையேறிச் சென்று வழிபடுகின்றனர். அண்ணன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் இங்கிருந்து செல்வோரும், இலண்டன், பாரிஸ் நகர்களிலிருந்து விடுமுறைக்குச் செல்வோரும் அங்கே கார் வாடகைக்கு எடுப்பதுண்டு. அவர்கட்கு இச்செய்தி நேரடிப் பயன். மற்றையோர்க்கு அது நம் ஊரைப் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி.

பலெர்மோ நகரின் பழைய பகுதியில் 2016ஆம் ஆண்டு முதல் ‘மட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்து வலயம்’ ஒன்று நடைமுறைக்கு வந்தது. இத்தகைய வலயங்கள் இத்தாலியின் பழநகர்கள் பலவற்றில் உண்டு. வலயத்தின் வாயிலில் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையமிட்ட பலகை நிற்கும். கதவு இல்லை, காவலரும் இல்லை, கமரா ஒன்றே உண்டு. அனுமதியின்றி நுழையும் காரின் இலக்கத் தகட்டை அது படம் பிடித்துக்கொள்ளும். சாரதிக்கு அப்போது ஒன்றுந் தெரியாது. சில மாதங்கள் கழித்து, ஊர் திரும்பிப் பயணத்தையே மறந்திருக்கும் வேளையில், தண்டப்பணம் கேட்டுக் கடிதம் வரும். வாடகைக் கார் நிறுவனம் சாரதியின் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கெனத் தனிக் கட்டணமும் அறவிடுவது வழக்கம்.

சில வாயில்களில் ‘வர்கோ அத்திவோ’ என்ற சொற்கள் ஒளிரும். வாயில் செயற்படுகிறது என்பது சொற்பொருள். வாயில் திறந்திருக்கிறது போலும் எனக் கருதி அந்நியர் உள்ளே நுழைகின்றனர். கமரா செயற்படுகிறது, அனுமதியில்லாதவர் நுழையலாகாது என்பதே கருத்து. மொழியறியாமைக்குத் தண்டப்பணத்தில் கழிவு கிடையாது!

நிறுத்துமிடங்களை அங்கே நிறத்தால் அறியலாம். நீலக் கோட்டினுள் நிறுத்தினால் கட்டணம்; வெள்ளைக் கோட்டினுள் பெரும்பாலும் இலவசம்; மஞ்சட் கோடு குறித்த சிலர்க்கு ஒதுக்கப்பட்டது. இலவச இடத்திலும் நேர எல்லை குறித்திருந்தால், வந்த நேரத்தைக் காட்டும் கடதாசி மணிக்கூட்டு வட்டு ஒன்றைக் கண்ணாடியின் உட்புறத்தில் வைக்க வேண்டும். தங்கும் விடுதி பழைய பகுதியினுள் இருக்குமாயின், காரின் இலக்கத்தைப் பதிவு செய்து அனுமதி பெற்றுத்தர இயலுமா என்று புறப்படுமுன்பே விடுதியாரைக் கேட்டல் வேண்டும். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் கொண்டு செல்லுதல் வேண்டும். அங்கே வாகனங்கள் வீதியின் வலப்புறம் செல்லும். ஆகவே வீதியைக் கடப்போர் நம் பழக்கத்துக்கு மாறாக முதலில் இடப்புறம் நோக்கல் நன்று.

இவற்றையெல்லாம்விட எளிய அறிவுரை ஒன்றுண்டு: காரை நகரின் விளிம்பிலே விட்டுவிட்டு உள்ளே நடந்து செல்லுதல். வெனிஸ் நகரத்தில் இதைத் தவிர வேறு வழியே கிடையாது. பெருநிலத்திலிருந்து அந்நகருக்குக் கடல்மேற் செல்லும் வீதிப் பாலம் 1933இல் திறக்கப்பட்டது. பாலம் முடியும் சதுக்கத்தோடு காரின் உலகமும் முடிந்துவிடுகிறது. அப்பால் படகு அல்லது கால். பாலத்தை அமைக்கத் தெரிந்தவர்கள் அதனை எங்கே நிறுத்துவது என்பதையும் அறிந்திருந்தனர். அதனாலேயே அந்நகரின் ஒழுங்கைகள் இன்றும் ஒழுங்கைகளாக இருக்கின்றன.

இது நமக்குப் புதுமையா? குறிகட்டுவான் இறங்குதுறையை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வந்த கார் அங்கே நின்றுவிடுகிறது. நயினை நாகபூஷணியம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார் காரை விட்டு இறங்கிப் படகேறுகின்றனர். கார் வரவில்லையே என்று எவரும் குறை கூறுவதில்லை. படகிலிருந்து கோபுரத்தைக் காணும் காட்சியைக் கண்ணாடி ஏற்றிய காரினுள் இருந்தவாறு காண முடியுமா?

நல்லூரிலும் இந்நெறி உண்டு. ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி வரும் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள் நடைபெறுவது. அந்நாட்களில் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. மணல் பரப்பப்படுகிறது. ஏனைய காலத்தில் மோட்டார் வண்டிகள் விரைந்த இடத்தில், விடியற்காலையில் அடியார்கள் அங்கப் பிரதட்சணம் செய்கின்றனர், பெண்கள் அடியழிக்கின்றனர். மனித உடல் மண்ணிலே உருளும் வழியில் சக்கரம் உருளலாகாது என்பதற்கு விளக்கமும் வேண்டுமா? அயலிலுள்ள வீட்டார் தம் வளவுகளைத் துவிச்சக்கர வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் திறந்துவிடுகின்றனர். துண்டைப் பெற்றுக்கொண்டு கோடீசுவரரும் கூலியாளும் ஒரே மணலில் நடக்கின்றனர்.

பலெர்மோவிலும் இதனை ஒத்த ஒரு நாள் உண்டு. ஆடி மாதம் பிறப்பதற்குச் சற்று முன்னர், யூலை 14ஆம் நாள் மாலையில், புனித ரோசலியாவின் பெருந்தேர் பழைய நெடுவீதி வழியாகக் கடற்கரையை நோக்கி வருகிறது. கடலை அடையுமிடத்தில் ‘போர்த்தா பெலிச்சே’ என்னும் வாயில் நிற்கிறது. இரு பெருந்தூண்கள், அவற்றை மேலே இணைக்கும் வளைவு இல்லை. உயர்ந்த தேர் தடையின்றிச் செல்வதற்காகவே வளைவு கட்டாது விட்டனர் என்பது அவ்வூர் மக்கள் வழக்கு. வழிபோவோர்க்காகத் தெருவையே மூடிக் கூரையிட்டது பருத்தித்துறை. தேருக்காகக் கூரையின்றி விட்டது பலெர்மோ. யாருக்காக இந்த வீதி என்னும் கேள்விக்கு இரண்டு ஊர்களும் தெளிவாக விடை கூறியிருக்கின்றன. காரின் காலத்து மக்களாகிய நாம்தான் விடை கூறாது இருக்கின்றோம்.

வகுப்பிலே ஒரு மாணவன் எம்மைக் கேட்டான்: “சேர், இடம் போதாவிட்டால் வீதியை அகட்டினால் என்ன?” கேள்வி நியாயமானதே. கரும்பலகையில் கணக்கொன்று போட்டோம். பன்னிரண்டு அடி அகலமுள்ள ஒழுங்கையில், ஆறடி அகலமுள்ள கார் ஒன்று ஓரமாக நிற்கிறது. மதிலுக்கும் காருக்கும் இடையில் ஓரடி விட்டால், எஞ்சுவது ஐந்தடி. மற்றொரு கார் செல்ல இயலாது. ஆகவே ஒரு பக்கத்து மதிலை உடைத்து ஐந்தடி கூட்டுகின்றோம். அகன்ற வீதியில் மறு பக்கத்திலும் ஒரு கார் வந்து நின்றால்? மீண்டும் பழைய நிலைதான். அந்த ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்துத் துவிச்சக்கர வண்டிகளை நிறுத்தலாம் என்பதையும் மாணவர்களே அளந்து கூறினர். அகலத்தைக் கூட்டக் கூட்ட நிற்பவையும் கூடுகின்றன. உடைந்த மதிலும் வெட்டுண்ட வேம்பும் மீள்வதில்லை.

யாழ்ப்பாணத்தின் பழமை ஏற்கெனவே பல காயங்களைக் கண்டது. ஒல்லாந்தர் 1680இல் ஐங்கோண வடிவிற் கட்டி முடித்து, 1792இல் வெளியரணையும் நிறைவு செய்த கோட்டை போரினாற் சிதைந்தது. பின்னர் ஓரளவு திருத்தப்பட்டது. பொதுசன நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்டது. குண்டுக்கும் தீக்கும் தப்பி எஞ்சியவற்றைக் கார் நிறுத்துவதற்காக நாமே இடிப்போமாயின், பழிசொல்ல அந்நியர் எவரும் இரார்.

காலமும் நெருக்குகிறது. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களையும், துவிச்சக்கர வண்டிகளையும் கண்ட ஊர் இது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதும் துவிச்சக்கர வண்டியே கைகொடுத்தது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025இல் மீண்டும் வழி திறக்கப்பட்டது. கார்கள் பெருகும், வெளிநாட்டு உறவினரின் வரவும் பெருகும். தெருக்கள் பெருகா.

இனி, மிக முக்கியமான ஒன்று. நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சு நோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் பயணஞ்செய்து குறிகட்டுவானை அடைய வேண்டும். அங்கிருந்து நோயாளர் காவு வண்டியில் தீவுகளையும் தாம்போதிகளையும் கடந்து பண்ணைக்கு வர வேண்டும். கோட்டையைத் தாண்டி, கடைத்தெருவையும் பஸ் நிலையத்தையும் அண்டிய ஆஸ்பத்திரி வீதியிலே போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். கடலும் தூரமும் எடுத்துக்கொண்ட நேரத்தை எவராலும் குறைக்க இயலாது. கடைசி அரைக் கிலோமீற்றரில், “ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்” என்று வீதியோரத்தில் ஒருவர் விட்டுச்சென்ற கார் எடுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டும் நம்மாற் குறைக்க முடியும். நகை வாங்கக் கஸ்தூரியார் வீதிக்கு வந்தவர் தீயவரல்லர். தம் காரின் பின்னால் யார் வருகிறார் என்று எண்ணாதவர்; அவ்வளவே. அந்த எண்ணாமைக்கு ஓர் உயிர் விலையாகலாம்.

இதற்கு மறுப்புகளும் உண்டு. முதியோர் நடப்பதெப்படி என்பர். உண்மையே. முதியோரையும் நோயாளரையும் வாயிலில் இறக்கிவிட்டுக் காரை அப்புறப்படுத்தலாம், ஓட்டோவை அமர்த்தலாம், விளிம்பிலுள்ள தரிப்பிடத்திலிருந்து சிறு பஸ் ஒன்றை நகரசபையார் ஓட்டலாம். கார் அணுகாவிடில் வியாபாரம் குன்றும் என வணிகர் அஞ்சுவர். ஆனால் நல்லூர்த் திருவிழாவில் கடை போடுவோரைக் கேட்டுப் பாருங்கள். காரிலிருந்தபடி கடலை வாங்கியவர் எத்தனை பேர்? நடப்பவனே கடையைப் பார்க்கிறான், பார்ப்பவனே வாங்குகிறான்.

ஆயின், நடவுங்கள் என்று சொல்லும் உரிமை, நிறுத்த இடங்கொடுத்தவருக்கே உண்டு. தரிப்பிடத்தைக் காட்டாது தண்டப்பணம் மட்டும் அறவிடுவது தேர்முட்டி கட்டாது தேரைத் தள்ளுவது போன்றதாகும். நகரின் வாயில்களிலே நிழல் மரமும் குடிநீரும் மலசலகூடமும் காவலும் உள்ள தரிப்பிடங்கள் அமைய வேண்டும். அங்கிருந்து எவ்விடம் எவ்வளவு தூரம் என்று மூன்று மொழிகளிலும் பலகை நிற்க வேண்டும். மாநகர சபைக்கு வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்கத்தக்க கேள்வி இது.

சபையார் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் குடும்பத்தார்க்கு எம் யோசனை இது. கோட்டையைக் காண வருவோர் முற்றவெளிப் பக்கத்தில் வாகனம் நிறுத்த அனுமதியுள்ள இடத்திலே காரை விட்டுவிடுங்கள். கோட்டை, நூலகம், 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம், கடைத்தெரு ஆகிய அனைத்தையும் காலாலேயே காணலாம். காலை வேளையில் சென்றால் வெயிலும் வருத்தாது. நல்லூருக்கு ஓட்டோவிலோ பஸ்ஸிலோ செல்லுங்கள். ஒழுங்கையிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்வதாயின், படலை திறந்து வளவினுள் விட இடமுண்டா என்று முன்னரே கேளுங்கள். இல்லையேல் சந்தியிலே நிறுத்தத்தக்க இடத்தில் விட்டு நடவுங்கள். நடக்கும்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து, “எப்ப வந்தனீங்கள்?” என்ற குரல் கேட்கும். இருபது ஆண்டு கழித்து ஊருக்கு வந்தவர் தேடி வந்தது அந்தக் குரலைத்தானே?

விருந்தினரை எதிர்பார்த்திருக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். சமையலுக்கு என்ன வாங்குவது என்று எண்ணும்போதே, வருபவரின் வாகனம் எங்கே நிற்கும் என்பதையும் எண்ணுங்கள். அயலாரிடம் ஒரு சொல் கேட்டு வையுங்கள். மாணவர்கள் தங்கள் ஒழுங்கையின் அகலத்தை ஒரு நாடாவினால் அளந்து, நோயாளர் காவு வண்டி ஒன்று வீட்டு வாசல்வரை வர இயலுமா என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்க்கலாம். இடையில் நிற்பது எவருடைய வண்டி என்பதையும் கவனியுங்கள். அது நம் வீட்டு வண்டியாகவும் இருக்கக்கூடும்.